மலை வகிட்டில் ஒரு செம்புத் தண்ணி

இன்னும் கொஞ்சம் ஒட்டி உட்காருங்க. சத்தம் போட்டுச் சொல்ற கதை இல்லை இது.

மேற்கு மலையில வகிட்டுமேடுன்னு ஓர் உச்சி. அங்கே பெய்யிற மழையில பாதி மலையாளத்துப் பக்கம் ஓடி மேல்கடலுக்குப் போகும். பாதி நம்ம பக்கம் இறங்கிக் கீழ்கடலுக்கு வரும். தலையில வகிடு எடுத்த மாதிரி.

அந்த மேட்டில் பூரணத்தம்மாவும் சீடர் ஒச்சப்பனும் மூச்சு வாங்க உட்கார்ந்தார்கள். அம்மாவுக்கு அவரைவிட நாலு வயசு குறைச்சல். இருந்தாலும் குரு குருதானே.

மேற்கே இறங்கினால் அவர்கள் மடம். கிழக்கே, ஒச்சப்பன் பதினோரு வருசத்துக்கு முன்னே விட்டுவிட்டு வந்த ஊர். மடத்துக்குத் திரும்பும் வழியில், காலையில் கிழக்கு அடிவாரத்தில் அந்த ஊர்க்காரன் ஒருத்தன் சொல்லியிருந்தான்: "உன் பொஞ்சாதி வீராயிக்கு ரெண்டு கண்ணும் போச்சுப்பா. சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடக்குது." அதைக் கேட்டுவிட்டு மலை ஏறி வந்தவர் இப்போதுதான் வாய் திறந்தார்.

"தாயி, நான் எந்தப் பக்கம் இறங்கணும்?"

"முட்டி என்ன சொல்லுது?"

"ரெண்டு பக்கமும் வேணாங்குது."

"எனக்கும் அப்படித்தான்."

"துறவின்னு போனவன் திரும்பி வந்தா ஊரு சிரிக்கும். வீராயி விளக்குமாத்தை எடுப்பா."

"கண்ணு தெரியாதவ வீசி உன்மேல படணுமே."

ஒச்சப்பன் சிரிக்கவில்லை. "நீங்களே ஒரு வார்த்தை சொல்லிருங்க. யோசிச்சு யோசிச்சு அலுத்துப்போச்சு."

அம்மா குடிதண்ணிச் செம்பை நீட்டினார். "நட்டநடு மேட்டில ஊத்து. தண்ணி போற பக்கம் நீ போ."

ஊற்றினார். தண்ணீர் பரவி, எங்கே போவதென்று தெரியாமல் நின்றது. பிறகு மேற்கே ஒரு விரல்கடை நகர்ந்தது.

ஒச்சப்பன் துறவுக்கு முன்னே முப்பது வருசம் வயலுக்குத் தண்ணி பாய்ச்சினவர். குதிகால் மண்ணைத் தள்ளி மேற்கே அடைத்தது. கட்டைவிரல் கிழக்கே ஒரு கீறு கீறிவிட்டது. தண்ணீர் அதுவழியே ஓடியது.

"கிழக்கேதான் போகுது தாயி."

"போகுதா, அனுப்பினியா?"

ஒச்சப்பன் குனிந்து பார்த்தார். கால்விரலெல்லாம் ஈரமண்.

"பழக்கதோஷம் தாயி. வேணும்னு செய்யலை. இன்னொருக்க ஊத்துறேன்."

"பதினோரு வருசமா நான் சொல்லிக் குடுத்ததும் இருக்கு. அதுல ஒண்ணாவது உன் காலுக்குப் பழக்கமாச்சா?"



அம்மா முழங்காலில் கை ஊன்றி எழுந்தார். ஒச்சப்பன் தோளில் கிடந்த மடத்து மூட்டையை இறக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு, தனியாக மேற்கே இறங்கினார்.