சிவப்புப் பூ கேட்டவர்

பொங்கியண்ணனுக்கு நிற்கக்கூடத் தெம்பில்லை. மடத்துக்குள் வந்ததும் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். தன்னைவிட வயதில் மிகவும் இளையவரான மடத்துத் துறவி தம்பிரானைக் குருவாக ஏற்று, செவ்வாய் தவறாமல் வந்து போகிறவர் அவர். சில வாரங்களாக ஆளைக் காணவில்லை.

"எங்க போயிருந்தீங்க?" என்றார் தம்பிரான்.

"கோயில் கோயிலாப் போனனுங்க அய்யா. பூக் கேக்க."

அந்தப் பக்கத்து வழக்கம் அது. வெள்ளைப் பூ ஒன்றையும் சிவப்பு அரளி ஒன்றையும் தனித்தனியே இலையில் மடித்துச் சாமி முன் வைப்பார்கள். ஏதாவதொரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம். சிவப்பு வந்தால் வேண்டாம். அதற்குமேல் பேச்சில்லை. பேச்சில்லை என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொள்வார்கள்.

"என்ன கேட்டீங்க?"

"புள்ள கோகிலவாணி, கூட வேலை பாக்கற பையனைக் கட்டிக்கறேங்கறா."

"பையன் மோசமா?"

"அதெல்லாம் இல்லைங்க. நான் பாத்த பையன் இல்லை, அவ்வளவுதானுங்க. சாமி மேல பாரத்தைப் போட்டேன். சாமி சொல்றதுக்கு ரெண்டு பேரும் கட்டுப்படணும்னு அவகிட்டச் சத்தியம் வாங்கினேன். நானும் பண்ணிக் குடுத்தேன்."

"சாமி என்ன சொல்லுச்சு?"

"வெள்ளைங்க."

"அப்புறம்?"

"எடுத்த குழந்தை இடது கையில எடுத்துப்போடுச்சுங்க. அது சரிப்படாதுன்னு மலைக்கோயிலுக்குப் போனோம். அங்கயும் வெள்ளை. ஆனா அன்னிக்கு அஷ்டமிங்க. அப்புறம் ஆத்தங்கரை அம்மன். அந்தப் பூசாரி அவசரக்காரருங்க, பூசையை அரைகுறையாப் பண்ணிட்டாரு."

"அங்கயும் வெள்ளைதானா?"

"ஆமாங்க."

தம்பிரான் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கும் அலுத்துப்போயிருந்தது. சாமியிடம் கேட்கப் போகிற முக்கால்வாசிப் பேர் பதிலை மடியில் கட்டிக்கொண்டுதான் போகிறார்கள். அதே பதில் திரும்பி வராவிட்டால் கோயிலை மாற்றுகிறார்கள்.

"புள்ள எங்க?"

"வெளிய நிக்கறாளுங்க. எல்லாக் கோயிலுக்கும் கூடவே வந்தா. ஒரு வார்த்தை எதுத்துப் பேசலை. சண்டை போட்டாலாவது தேவலைங்க." பொங்கியண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். "முடியலைங்க அய்யா. கடைசியா உங்க கையால ஒருக்காப் பூப் போட்டுருங்க. இதோட நிறுத்திக்கறேன்."

"வெள்ளை வந்தா?"



தம்பிரான் எழுந்துபோய்ப் பூக்கூடையிலிருந்து ஒரு சிவப்பு அரளியை எடுத்து வந்தார். இலையில் மடிக்கவில்லை. அப்படியே நீட்டினார்.

"இந்தாங்க."

"அய்யா, போட்டுப் பாக்கலீங்களே?"

"இதுதான உங்களுக்கு வேணும்? கொண்டுபோய்ப் புள்ள கையில குடுங்க. ஆனா சாமி குடுத்துச்சுன்னு சொல்லாதீங்க. நான் குடுத்தேன்னும் சொல்ல வேண்டாம். அப்பன் குடுக்கறேன்னு சொல்லிக் குடுங்க."

பொங்கியண்ணனின் கை பாதிவரை நீண்டு நின்றுவிட்டது. இதுவரை சாமிக்குப் பின்னால் நின்று கொண்டிருந்தவர், மகளின் முகத்துக்கு நேராக நிற்பதை நினைத்துப் பயந்துபோனார்.

அந்நேரம் கோகிலவாணி வாசலில் எட்டிப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிய பாதமெல்லாம் புழுதி.

"அப்பா, அடுத்தது எந்தக் கோயிலுங்க? சொன்னீங்கன்னா பஸ் இருக்குதான்னு கேட்டு வெக்கறேன்."

கேட்டுவிட்டு அவள் மறுபடியும் வெளியே போய் நின்றாள்.

பொங்கியண்ணன் மெல்லக் கேட்டார். "நானா வேண்டாம்னு சொன்னா, அவ கட்டுப்படுவாளாங்க அய்யா?"

"அவ கட்டுப்பட்டுத்தான் நிக்கறா," என்றார் தம்பிரான். "கட்டுப்படாதது நீங்கதான்."

பொங்கியண்ணன் பூவை வாங்கவில்லை.