சொக்கியின் முதுகில் முளைத்த கோபுரங்கள்

கீழவளையப்பட்டி ஜமீனில் புத்திசாலிகள் நிறைய என்று ஜமீன் ஆட்கள் சொல்லிக்கொள்வார்கள். வேறு யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அந்தப் புத்திசாலிகளில் மூன்று பேர் ஆவுடையப்பன், மாசானம், வெள்ளைக்கண்ணு. முதலில் யானைக் கொட்டாரத்தில்தான் வேலை. பட்டப்பகலில் யானையைத் தொலைத்துவிட்டு, மூவருமாகக் கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடினார்கள். வேகமாக நடக்கிற பிராணி இவர்களுக்குச் சரிப்படாது என்று கண்டுகொண்ட ராணியம்மா, தன் செல்ல ஆமை சொக்கியை அவர்களிடம் ஒப்படைத்தாள்.

தலைவன் ஆவுடையப்பனுக்குச் சொக்கி என்றால் உயிர். தன் பருப்புச் சோற்றில் முதல் கவளம் அதற்குத்தான். மாசானம் சுண்டல் கொடுப்பான். வெள்ளைக்கண்ணு பொரிகடலை கொடுப்பான். வெயில் பட்டால் கறுத்துவிடும் என்று இருட்டறையில் வைத்து வளர்த்தார்கள். இத்தனை அக்கறைக்கும் பலன் இல்லாமல் போகுமா? ஒரே வருஷத்தில், சமமாக இருந்த முதுகு கொழுக்கட்டை அடுக்கிய தட்டு மாதிரி மேடு மேடாகப் புடைத்துவிட்டது.

ராமேசுவரம் கிளம்புகிற அன்று ராணியம்மா அதைப் பார்த்துவிட்டாள். மாட்டு வைத்தியர் சடையாண்டிக்கு ஆள் போனது.

“அட பாவிகளா! ஓடு கோபுரம் கோபுரமா எழும்பியிருக்கே!” என்றார் வைத்தியர். “பருப்பும் சுண்டலும் திங்கிற ஜென்மமாடா இது? புல்லும் கீரையும் போடுங்க. தினமும் வெயில் காட்டுங்க. சுண்ணாம்புச் சத்து சேரணும். வெதுவெதுன்னு இருக்கிற தண்ணியில கால் மணி நேரம் உட்கார வைங்க. தண்ணி கழுத்துக்குக் கீழேயே நிக்கணும். எழும்பினது இனி அமுங்காது. புதுசா வளர்ற ஓடாவது சமமா வரட்டும்.”

“நான் திரும்பி வர மூணு மாசம் ஆகும்” என்றாள் ராணியம்மா. “இன்னும் ஒரு மேடு ஏறியிருந்தாலும் மூணு பேரும் ஊரை விட்டே போயிடணும்.”

ஆவுடையப்பனுக்கு வேலை போவது பழகிப்போன விஷயம்தான். தான் ஊட்டிய பருப்பே சொக்கியின் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டதே, அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. வைத்தியர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பிசகக்கூடாது என்று சபதம் எடுத்தான்.

மறுநாள் காலை சொக்கியை இருட்டறை ஜன்னலோரம் தூக்கிப் பிடித்து, விரலை நீட்டி வெயில் காட்டினான். “அதோ பார் சொக்கி, அதுதான் வெயில்.”

சொக்கி தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

“பொம்பளைப் பிள்ளை” என்றான் மாசானம். “மூணு ஆம்பளைங்க சுத்தி நின்னா எப்படிண்ணே பார்க்கும்?”

நியாயம்தான். மூவரும் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டே காட்டினார்கள்.

அடுத்தது சுண்ணாம்பு. “வெறும் சுண்ணாம்பை யாரு திம்பா?” என்று வெள்ளைக்கண்ணு வெற்றிலை, பாக்கு, எச்சில் துப்பப் படிக்கம் எல்லாம் கொண்டுவந்து வைத்தான். சொக்கி முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. படிக்கத்தை ஏந்தியபடி சாயங்காலம் வரை காத்திருந்தார்கள்.

“இன்னும் துப்பலையே?”

“பெரிய இடத்து ஆமை. நாம பார்க்கத் துப்பாது.”

பிறகு குளியல். “காலுக்கு மணி நேரம்னு சொன்னார். நாலு கால், நாலு மணி நேரம்” என்று மாசானம் கணக்கை முடித்தான். ஆனால் தாம்பாளத்தில் வைத்ததும் சொக்கி கழுத்தை இழுத்துக்கொண்டது.

“கழுத்துக்குக் கீழே தண்ணி நிக்கணுமாம். கழுத்தே இல்லையேடா!”

வெகுநேரம் ஆலோசித்து, இல்லாத கழுத்துக்கு இல்லாத தண்ணீர்தான் பொருத்தம் என்று தீர்மானித்தார்கள். சொக்கி காய்ந்த தாம்பாளத்தில் நாலு மணி நேரம் குளித்தது.

கடைசியில் கீரை. “கீரை போடச் சொன்னார்” என்று ஆவுடையப்பன் மண்வெட்டியை எடுத்தான். கொல்லைப்புறம் முழுக்கக் கொத்திப் பாத்தி கட்டினார்கள். கீரை விதைத்து, வாய்க்கால் வெட்டித் தண்ணீர் பாய்ச்சினார்கள். அந்த மும்முரத்தில் இருட்டறைக் கதவைச் சாத்த மறந்தார்கள். அவர்கள் செய்த ஒரே வைத்தியம் அதுதான்.

சொக்கி மெதுவாக வெளியே வந்தது. இளங்கீரையும் வரப்புப் புல்லும் மேய்ந்தது. காலை வெயிலில் கிடந்தது. சூடேறிய வாய்க்கால் தண்ணீரில் கால் நனையப் படுத்தது. பழைய நத்தை ஓடுகளைக் கொறித்தது.

“அண்ணே, கீரையில ஒரு ஆமை மேயுது.”

“வெளியூர் ஆமையா இருக்கும். நம்ம சொக்கிதான் உள்ளே இருக்கே” என்றான் ஆவுடையப்பன். “பாவம், இருந்துட்டுப் போகட்டும்.”

மூன்று மாதமும் இருட்டறையில் இருந்த வெறும் தாம்பாளத்தைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார்கள்.

ராணியம்மா வைத்தியரோடு வந்து இறங்கினாள். சொக்கி வெயிலில் கிடக்கிறதா என்று பார்க்க நேரே கொல்லைக்குத்தான் போனார்கள். வைத்தியர் சொக்கியைத் தூக்கித் தடவிப் பார்த்தார். “பலே! மேடு ஏறவே இல்லை. விளிம்புல புது ஓடு சமமா வருது!” என்று ஆவுடையப்பனின் முதுகில் தட்டினார். “கெட்டிக்காரன்டா நீ! இனிமே பயமில்லை. கண்ணை மூடிக்கிட்டு வளர்க்கலாம்.”

ஆவுடையப்பனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்த நிமிஷமே மூவரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

அன்று ஜமீனிலேயே தங்கிய வைத்தியர், விடிந்ததும் தலைப்பாகையைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு, வீட்டுக்கு ஒரு பிடி கீரை பறிக்கக் குந்தினார். பெயர்தான் சடையாண்டி, தலையில் மருந்துக்குக்கூட ஒரு மயிர் கிடையாது. எதிர்ப்பக்கத்திலிருந்து கண்ணை மூடியபடி, சொக்கியைத் தேடித் தவழ்ந்து வந்தான் ஆவுடையப்பன். கையில் வழவழவென்று ஏதோ தட்டுப்பட்டது. இரண்டு கையாலும் தடவினான்.

“மாசானம்! வெள்ளைக்கண்ணு! ஓடிவாங்கடா! பழைய மேடெல்லாம் அமுங்கிப்போச்சு!”

“அடேய், விடுடா மடையா!” என்று அலறினார் வைத்தியர்.

ஆவுடையப்பன் பிடியை விடவில்லை. மூடிய கண்ணிலிருந்து தாரை தாரையாக ஆனந்தக் கண்ணீர். “ராணியம்மாவைக் கூப்பிடுங்கடா! சொக்கிக்குப் பேச்சும் வந்துடுச்சு!”