பானையின் குறையைச் சொன்ன பாய்க்காரி

இன்றைக்கு இருக்கிற பெரிய சாலைகளெல்லாம் வெறும் ஒற்றையடிப் பாதையாகக் கிடந்த காலம் அது. அந்தக் காலத்தில் ஆவாரங்குடி என்று ஓர் ஊர். உழுகிறவர்கள், பானை வனைகிறவர்கள், கோரைப்பாய் முடைகிறவர்கள் எல்லோரும் அங்கே ஒரே கூட்டாக வாழ்ந்தார்கள். விளைந்ததையும் செய்ததையும் ஒரு பொதுக் கொட்டகையில் வைப்பார்கள். விற்று வந்த தானியத்தையும் அங்கேதான் பகிர்ந்துகொள்வார்கள்.

அவர்களுக்கு மூன்று வழக்கங்கள் உண்டு. கேட்டால் உங்களுக்கே வேடிக்கையாக இருக்கும்.

முதலாவது, எடுத்த இடத்தை ஆறவிடுவது. கோரை அறுத்த கரையில் அடுத்த ஆண்டு அரிவாள் வைக்கமாட்டார்கள். களிமண் தோண்டிய குழியை மூன்று மழைக்காலம் தொடமாட்டார்கள்.

இரண்டாவது, சந்தையில் யாரும் தன் பொருளைத் தானே விற்பதில்லை. பாய்க்காரர் பானை விற்பார். பானைக்காரர் பாய் விற்பார். பயறு விளைவித்தவர் கையில் எது கிடைக்கிறதோ அதை விற்பார்.

மூன்றாவதுதான் விசித்திரம். விற்கிறவர் அந்தப் பொருளின் குறையை, வாங்குகிறவர் கேட்காமலே சொல்லிவிட வேண்டும்.

"ஏனய்யா இப்படி?" என்று வழிப்போக்கர்கள் கேட்பார்கள்.

"தன் பிள்ளைக்குக் கோணல் மூக்குன்னு பெத்தவளுக்குத் தெரியுமா? பக்கத்து வீட்டுக்காரிக்குத்தானே தெரியும்!" என்று ஊரார் சிரிப்பார்கள்.

அப்படி இருக்கையில் ஓர் ஆண்டு மழை பொய்த்தது. கொட்டகை காலியானது. மிஞ்சியது விதைக் கேழ்வரகு மட்டும். அதைத் தின்றால் இன்றைய பசி தீரும். மழை வரும்போது விதைக்க ஒரு மணி இருக்காது.

அப்போது அரசன் பறையறைவித்தான். அரண்மனைக்கு எண்ணெய்ப் பானைகள் வேண்டும், கொடுப்பவர்களுக்கு வண்டி வண்டியாகத் தானியம் என்றான்.

ஊரின் குயவர் சேந்தன் மளமளவென்று வனைந்தார். ஆனால் நல்ல களிமண் குழி அப்போது ஆறிக்கொண்டிருந்தது. வேறு குழியின் மண்ணில் மணல் அதிகம். பானைகள் பார்க்க அழகாக வந்தன. ஊற்றிய தண்ணீர் மட்டும் மெல்ல மெல்ல வெளியே வேர்த்தது.

விற்கும் முறை கொற்றிக்கு வந்தது. அவள் பாய் முடைகிறவள். வண்டியில் போகும்போதே சேந்தன் கெஞ்ச ஆரம்பித்தார்.

"தங்கச்சி, கழுத்து கொஞ்சம் குட்டைன்னு சொல்லேன். அதுவும் குறைதானே?"

"கழுத்து குட்டையா இருந்தா எண்ணெய் வீணாப் போகாதேண்ணே. கசிஞ்சா போகுமே."

"போன சந்தையில உன் பாய் ஓரம் குத்தும்னு சொன்னேன். அந்தக் கோபமா?"

"அது குத்தத்தான் செய்யுது. தினமும் அதுமேல படுக்கிறவ நான்தானே?"

அரண்மனையில் பானை விற்க மூன்று பேர் வரிசையாக நின்றார்கள். முதல் வணிகன், "என் பானையில் குறை இல்லை அரசே" என்றான். இரண்டாம் வணிகன், "என் பானையில் குறை என்ற பேச்சே இல்லை அரசே" என்றான்.

கொற்றியின் கண்முன் விதைக் கேழ்வரகு மூட்டை வந்து நின்றது. இருந்தாலும் சொன்னாள்.

"மகாராசா, இது கசியும். எண்ணெய்க்கு ஆகாது."

சேந்தன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"பிறகு எதற்கம்மா கொண்டுவந்தாய்?" என்றார் கிடங்கு அதிகாரி.

"விக்கத்தான்."

சபை விழுந்து விழுந்து சிரித்தது. அரசன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் முகத்தில் ஏதோ ஒரு யோசனை.

"எவ்வளவு கசியும்?"

"ஒழுகாது மகாராசா. உடம்பு வேர்க்கிற மாதிரி வேர்க்கும். காலையில நிரப்பினா சாயங்காலம் கொஞ்சம் குறைஞ்சிருக்கும்."

அரசனுக்கு ஒரு கவலை இருந்தது. மலைச்சாலையில் நிழலுக்காக மூன்று முறை மரக்கன்று நட்டான். மூன்று முறையும் கருகின. ஊற்றிய தண்ணீரை உச்சிவெயில் குடித்துவிடும்.

"கன்றின் பக்கத்தில் புதைத்து, நீர் நிரப்பி, மூடி வைத்தால்?"

"தெரியாது மகாராசா. நாங்க புதைச்சுப் பார்த்ததில்ல."

"நானும் பார்த்ததில்லை. பானைகள் இங்கேயே இருக்கட்டும். கன்று துளிர்த்தால் தானியம் வரும். கருகினால் பானையைத் திருப்பி எடுத்துப் போங்கள்."

வணிகர்கள் இருவரும் தானிய வண்டிகளோடு போனார்கள். ஆவாரங்குடி வண்டி வெறுமையாகத் திரும்பியது.

முதல் வாரம் ஊர் பொறுத்துக்கொண்டது. இரண்டாம் வாரம் முணுமுணுத்தது. மூன்றாம் வாரம் சேந்தனே கத்தினார்: "குறை சொல்ற வழக்கத்தை முதல்ல குழி தோண்டிப் புதைங்க! அந்த வணிகன் வீட்டுப் பிள்ளை சோறு தின்னுது, நம்ம பிள்ளை கீரைத்தண்டு மெல்லுது."

தன் வாயால் ஓர் ஊரே பட்டினி கிடக்கிறதே என்று கொற்றியும் அழுதாள். பிள்ளைகளுக்காக விதை மூட்டையைப் பிரித்தார்கள். முதல் படி உலையில் விழுந்தும்விட்டது.

அப்போதுதான் தெருக்கோடியில் மாட்டு மணிச் சத்தம். ஒன்றன்பின் ஒன்றாகத் தானிய வண்டிகள்.

"கன்று அத்தனையும் துளிர்த்துவிட்டது!" என்றான் அரசனின் ஆள். "சாலை முழுக்கப் புதைக்க இன்னும் பானை வேண்டுமாம்."

சேந்தனுக்குத் தலைகால் புரியவில்லை. "இந்தத் தடவை மண்ணை நல்லாச் சலிச்சு, ஒரு சொட்டுகூடக் கசியாம செஞ்சு தர்றேன், பாருங்க!"

"ஐயோ, நல்லாச் செஞ்சு தொலைச்சுடாதீங்க! அதே மாதிரி கசியணும்!" என்று பதறினாள் கொற்றி.

ஊரே சிரித்தது. சேந்தன் கொற்றியைப் பார்த்து, "அடுத்த தடவையும் நீயே போ, தாயி" என்றார்.

குறையே இல்லை என்ற வணிகர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்கிறீர்களா? அவர்களும் நன்றாகத்தான் இருந்தார்கள், உலகம் அப்படித்தான். ஆனால் அவர்களிடம் மறுபடி பானை கேட்டு யாரும் ஊர் தேடிப் போனதாகத் தெரியவில்லை.

இதிலிருந்து நாம் அறிவது: மறைத்து விற்ற குறை ஏமாற்றாகிவிடும், வாய்விட்டுச் சொன்ன குறையோ அது தேவைப்படுகிறவரிடம் போய்ச் சேரும்.