சுவரில்லாத வாசல்

நெடுங்கரை நாட்டை முன்னொரு காலத்தில் அதிரவர்மன் என்றொரு ராஜா ஆண்டான். சிரித்தால் ஊரையே எழுதிக் கொடுப்பான். சலித்தால் சோற்றை நிறுத்துவான். அப்பேர்ப்பட்ட ராஜா.

அங்கே குடிகளுக்கு மாதாமாதம் களஞ்சிய நெல் உண்டு. ஒருத்தரே இரண்டு முறை வாங்கிவிடக் கூடாதென்று பாட்டன் காலத்துச் சட்டம்: அவரவர் வீட்டு நிலைவாசலில் நின்றுதான் நெல் வாங்க வேண்டும்.

பக்கத்து நாட்டில் ஏரி உடைந்து ஓர் ஊரே போய்விட்டது. தப்பித்த சனம், முடியாதவர்களைக் கிடைத்ததில் கிடத்தித் தூக்கிக்கொண்டு, களஞ்சியத்துக்கு எதிர்ப் பொட்டலில் வந்து விழுந்தது. ராஜா கஞ்சித்தொட்டி திறந்தான். நாற்பத்தெட்டாம் நாள் சலித்துப்போய் அடுப்பை அணைக்கச் சொன்னான்.

அந்தச் சனத்தில் ஒருத்தி, ஊரில் உப்பு விற்றுப் பிழைத்த மூக்காயி, களஞ்சிய அதிகாரி சூரப்பரிடம் போய் நின்றாள்.

"ஐயா, கஞ்சி நின்னுபோச்சு. என் புருஷன் எந்திரிக்க முடியாமக் கிடக்கான். ஒரு படி நெல்லு போடுங்க."

"கஞ்சி ராஜாவோட தருமம். நெல்லு குடிகளோட உரிமை. ரெண்டையும் முடிச்சுப் போடாதே. உனக்கு வாசல் இருக்கா?"

"வீடே வெள்ளத்துல போச்சுய்யா."

"அப்ப நெல்லும் போச்சு."

அவர் முதுகுக்குப் பின்னால் நெல் புழுத்துக்கொண்டிருந்தது.

நாலாம் நாள் ராஜா களஞ்சியம் பார்க்க வந்தான். பொட்டலில் ஒரு மர நிலை தன்னந்தனியாக நட்டு நின்றது. அதற்குள் முறத்தோடு மூக்காயி. பின்னால் சனம் வரிசையாக.

"என்ன கூத்து இது?"

"வாசல், மகாராஜா. நெல்லு வாங்க நிக்கிறோம்."

சூரப்பர் பாய்ந்தார். "சுவரே இல்லையே, பிரபு."

"சட்டம் சுவரா கேட்டுச்சு? வாசல்தானே கேட்டுச்சு, ஐயா."

"ஒருத்தி வாசல்ல ஊரே நிக்குமா?"

"ஊருல மிஞ்சினது இது ஒண்ணுதான். மத்த வாசலெல்லாம் தண்ணிக்குள்ள கிடக்கு, போய் எண்ணிட்டு வாங்க."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தான். "சூரப்பரே, கடைசி ஆள் நெல் வாங்கும்வரை இந்த நிலை சாயாமல் நீரே பிடித்துக்கொண்டு நில்லும். இனிமேல் வீடிழந்து வருகிறவர் கையில் களஞ்சிய நெல் விழும்வரை கஞ்சி அடுப்பு அணையக் கூடாது."

முத்துமாலையைக் கழற்றி நீட்டினான். மூக்காயி வாங்கவில்லை.

"இவ்வளவு கெட்டிக்காரி, இதை மூன்று நாள் முன்பே நட்டிருக்கலாமே?"

"இதுல கயித்தைப் பின்னித்தான் என் புருஷனைத் தூக்கிட்டு வந்தோம், மகாராஜா. நேத்து வரைக்கும் இதுமேலதான் படுத்திருந்தான்."

ராஜாவின் கை மாலையோடு அப்படியே நின்றது. நிலையைப் பிடித்திருந்த சூரப்பர் தரையைப் பார்த்தார்.

மூக்காயி முறத்தை நீட்டினாள். "ஒரு ஆளுக்கு அளந்தாப் போதும்."