ஆறு மந்திரியும் இரண்டு முழமும்

மருதாயி இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம் வைத்து நாரைச் சுண்டிக்கொண்டிருந்தாள். அரண்மனைத் தூணில் கட்டிய தூளியில் அவள் பிள்ளை தூங்கியது. அப்போதுதான் ராஜா பூதலவீரரும் மந்திரி திருவேங்கடமும் வந்து நின்றார்கள்.

ராஜாவுக்குப் பிள்ளை இல்லை. போன வருஷம் வெட்டிய மீன்குளத்தைத்தான் செல்லமாக வளர்த்துவந்தார். அன்றைக்கு அதற்கு முதல் பிறந்தநாள். நாலு கரையையும் சுற்றி ஒரே சரம் வேண்டும், நுனியோடு நுனி தொட வேண்டும், ஒரு பூகூட மிஞ்சக் கூடாது என்றார்.

"ஆனால் குளத்தை அளக்காதே. பச்சைப்பிள்ளையை அளந்தால் வளராது. அது ஏரியாக வேண்டிய குளம்."

மந்திரிக்கு அந்தப் பூ வேலையைத் தன் கொழுந்தியாளுக்கு வாங்கித்தர ஆசை. சரம் தப்பினால் தூளியை அவிழ்த்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான் என்று சொல்லிவைத்தார்.

குளம் வெட்டினவர் ஏதாவது சொன்னாரா என்று மருதாயி தயங்கித் தயங்கிக் கேட்டாள். அகலத்தைப்போல இரண்டு மடங்கு, அதற்குமேல் ஒரு முழம், அதுதான் நீளம் என்றாராம்.

"அப்போ தெரியாத அகலத்துக்கு ஒரு பேர் வெச்சுக்குவோம் மகாராஜா. மந்திரின்னு வைக்கிறேன்."

மந்திரி மீசையைத் தடவிக்கொண்டார்.

"அகலம் ஒரு மந்திரி. நீளம் ரெண்டு மந்திரியும் ஒரு முழமும். நாலு பக்கமும் சேர்த்தா ஆறு மந்திரி, ரெண்டு முழம்."

"ஒரு மந்திரி எத்தனை முழம்?"

"குளத்துக்குக் குறுக்கே படுக்கப் போட்டா தெரிஞ்சிடும். குளத்தைத் தொட மாட்டேன். இவரைத்தான் அளப்பேன்."

ராஜா பேச்சுக்கு மறுபேச்சு ஏது? மந்திரி குப்புறக் கிடந்தார். எட்டவில்லை. கையை நீட்டச் சொன்னார் ராஜா. விரல் அந்தக் கரையைப் பிடித்தது, கால் கட்டைவிரல் இந்தக் கரையில் நின்றது. மருதாயி குனிந்து முழம் போட்டாள். ஐந்து.

"ஆறு மந்திரி முப்பது, மேலே ரெண்டு. முப்பத்திரண்டு முழம்."

கட்டி முடித்த பிறகும் மந்திரியை எழுந்திருக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. சரம் நுனியோடு நுனி தொட்டது. ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சட்டென்று முகம் வாடிவிட்டது.

"மந்திரியை அளந்துட்டோமே மருதாயி. இனி இவர் வளர மாட்டாரே."

"வளர்ந்துட்டாரே மகாராஜா. வரும்போது நாலு முழம், இப்போ அஞ்சு."

ராஜாவுக்குச் சிரிப்பில் புரை ஏறியது. என்ன வேண்டுமோ கேள் என்றார்.

"பெரிசா ஒண்ணுமில்லீங்க. எந்த மந்திரி வந்தாலும் என் தூளியை அந்தத் தூணைவிட்டு அவிழ்க்கச் சொல்லக் கூடாது."

"அம்மா மருதாயி," என்றது தண்ணீருக்கு மேலேயிருந்து ஒரு குரல், "முதல்ல என்னைக் கொஞ்சம் தூக்கிவிடச் சொல்லு."