வெந்நீர் போன வழி

பூமிய ஆழமாத் தொளச்சு எடுத்த பாறைத் துண்டுகள பெட்டி பெட்டியா அடுக்கியிருந்த கொட்டகையில எஸ்தர் கூண்டுப்புலி மாதிரி நடந்துட்டிருந்தா. பத்து மணிக்கு ஜீப் வந்துடும். எண்ணெய்க் கிணறு எங்க தோண்டணும்னு அவ எழுதின அறிக்கை அதுல போகணும். மேலதிகாரி ஹபீபா மேடம் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. இடம் தப்பாப் போச்சுன்னா, அவ சொல்லித் தோண்டுற மொதக் கிணறே வறண்ட கிணறு. அப்புறம் அவ பேச்ச எவன் கேப்பான்?

மேடம் பேனாவத் தொடவே இல்ல.

"படிச்சீங்களா மேடம், இல்ல பக்கத்த எண்ணிட்டிருக்கீங்களா?"

"படிச்சேன். கிணறு ஏன் பாறை வெடிப்புக்குப் பக்கத்துல?"

"அடியிலேருந்து வெந்நீர் ஏறி வந்ததே அந்த வெடிப்பு வழியாத்தான். சுண்ணாம்புப் பாறையக் கரைச்சு ஓட்ட போட்டிருக்கு. ஓட்ட இருந்தா எண்ணெய் ஓடி வரும். இதுகூடவா நான் சொல்லணும்?"

வெடிப்புப் பக்கத்துத் துண்டு ஒண்ண எடுத்து டொக்குனு வெச்சா. கட்டவெரல் நுழையுற ஓட்ட. உள்சுவரு பூரா வெள்ளப் படிகம், கல்கண்டு மாதிரி மின்னுச்சு. பெட்டிய அலசி இப்படி அழகானதா பாத்துப் பாத்துத்தான் அவ பொறுக்கியிருந்தா.

மேடம் பாட்டிலத் தொறந்து ஓட்டையில தண்ணி ஊத்தினாங்க. கிண்ணத்துல நிக்கிற மாதிரி நின்னுச்சு.

"ஊற நேரம் வேணும்ல," எஸ்தர் சொன்னா.

ரெண்டு பேரும் பாத்துட்டே இருந்தாங்க. வாசல்ல ஜீப் வந்து நின்னுச்சு. தண்ணி எறங்கல.

"வெடிப்ப விட்டுத் தள்ளி எடுத்தது ஒண்ணு கொண்டா."

"அந்தச் சாம்பக் கட்டியா? அதுல பேருக்கு ஒரு ஓட்ட கெடையாது."

"கொண்டா."

அவ கொண்டு வந்த துண்டு சக்கரைய அமுக்கி வெச்ச மாதிரி நறநறன்னு இருந்துச்சு. மேடம் ஒரு சொட்டு விட்டாங்க. காணோம். இன்னொண்ணு. அதுவும் காணோம்.

"இது வெந்நீர் படாத பாறையா இருக்கும்."

"அதே வெந்நீர் பட்டு மாறினதுதான்."

எஸ்தர் ரெண்டு துண்டையும் மாறி மாறிப் பாத்தா. "அப்போ வெந்நீர் நல்லதா கெட்டதா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

எஸ்தர் ஓட்டத் துண்ட எடுத்துக் கவுத்தா. தண்ணி போன வாய் வழியாவே கொட்டுச்சு; படிகம் பூசின சுவரத் தாண்டி ஒரு சொட்டுகூட உள்ள போகல.

ஜீப் ஹாரன் அடிச்சுது.

"ஆள் நிக்கிறான் மேடம். என்ன சொல்லட்டும்?"

மேடம் பேனாவ எடுத்து மூடினாங்க.

"வெந்நீர் வந்தப்போ தொறந்தத எழுதியிருக்கே. போறப்போ என்னத்த விட்டுட்டுப் போச்சுன்னும் எழுதிட்டு வா."