எல்லையில் நின்ற ஆயிரம் பேர்

முன்பு ஒரு காலம். எந்த நாடு என்று மட்டும் கேட்காதீர்கள். கடலோரத்தில் இருந்த அந்த நாடு அப்போதுதான் தலைதூக்கிக்கொண்டிருந்தது. மிளகு ஏற்றிப் போன கப்பல்கள் குதிரைகளோடு திரும்பி வந்தன. குதிரை வர வரப் படை பெருத்தது. அக்கம்பக்கத்து அரசர்கள் நம் மன்னரிடம் குரலைத் தாழ்த்திப் பேசத் தொடங்கினார்கள்.

குதிரை அனுப்பியவர் மேற்கடல் அரசர். கப்பல் கட்ட அவருக்குத் தேக்கு வேண்டியிருந்தது. அதற்காக நமக்குப் பக்கத்தில் தேக்கு நிறைந்திருந்த சின்ன மலைநாட்டில் படையோடு வந்து இறங்கிவிட்டார். மலைநாட்டின் தூதராகப் பேச்சாயி என்ற பெண் நம் மன்னரிடம் ஓடி வந்தாள்.

"மகாராஜா, இங்க பஞ்சம் வந்தப்ப எங்க தினையைக் குடுத்து உங்க சனத்தைக் காப்பாத்துனோம். அப்ப செப்பேட்டுல வாக்கு எழுதிக் குடுத்தீங்க. இப்ப ஆபத்து எங்களுக்கு."

மன்னர் தாடியைத் தடவினார். "கொடுத்த வாக்கும் தவறக்கூடாது. வருகிற குதிரையும் நிற்கக்கூடாது. இரண்டுக்கும் ஒரே வழியாகச் சொல்லுங்கள்."

மந்திரி திருவிக்ரமர் எழுந்தார். விகடகவி சாத்தையனைப் பார்த்து மன்னர் சிரிக்கும்போதெல்லாம் வயிறு எரிபவர் அவர்.

"அரசே, சாத்தையன் இருக்கக் கவலை எதற்கு? இதற்கு ஒரு வழி சொல்லாவிட்டால் அவருக்கு இந்த அவையில் என்ன வேலை?"

சாத்தையன் பேச்சாயி கையிலிருந்த செப்பேட்டை வாங்கிப் படித்தான். படித்த உடனே வழி தெரிந்துவிட்டது. உள்ளுக்குள் ஒரு துள்ளல்.

"அரசே, 'ஆபத்து வந்தால் எங்கள் வீரர் ஆயிரம் பேர் உங்கள் எல்லையில் வந்து நிற்பார்கள்' என்றுதான் இதில் இருக்கிறது. நிற்கட்டுமே! போரிடுவார்கள் என்று ஓர் எழுத்துகூட இல்லை."

மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். முத்துமாலை சாத்தையன் கழுத்துக்கு வந்தது. பேச்சாயி அழவில்லை. அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியேறினாள். மாலை அப்போதே அவனுக்குக் கனத்தது.

திருவிக்ரமர் விடவில்லை. "சாத்தையனே படையை நடத்திப் போகட்டும், அரசே. மலைநாட்டார் ஒருவரின் காலும் நம் மண்ணில் படக்கூடாது. பட்டால் மேற்கடல் அரசருக்குக் கோபம் வரும், கப்பல் நிற்கும். நின்றால் இவர் தலை போகட்டும்." மன்னர் தலையசைத்தார்.

எல்லையில் ஓர் ஆறு. இக்கரையில் ஆயிரம் பேர் ஒன்பது நாள் நின்றார்கள். அக்கரையில் ஊர் ஊராகப் புகை எழுந்தது. ஓலம் கேட்டது. வீரர்கள் சாத்தையனைப் பார்த்தார்கள். அவன் தரையைப் பார்த்தான்.

பத்தாம் நாள் மிஞ்சியவர்கள் ஆற்றில் இறங்கி வந்தார்கள். கிழவர்கள், கைக்குழந்தைக்காரிகள், காயம்பட்டவர்கள். நடுவில் பேச்சாயி.

"ஓடுங்கள், தூக்குங்கள்!" என்று சாத்தையன் கத்தினான். "ஆளுக்கொருவராகத் தோளில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஒரு காலும் மண்ணில் படக்கூடாது. அரச கட்டளை!"

"எதுவரைக்கும் சாமி தூக்கறது?" என்றான் ஒரு வீரன்.

"அரண்மனை வாசல் வரைக்கும்."

மூன்று நாள் நடை. வாசலில் வந்து நின்ற ஊர்வலத்தைக் கண்டு திருவிக்ரமர் கோபத்தில் குதித்தார். சாத்தையன் மன்னரை வணங்கினான்.

"அரசே, ஒருவர் காலும் நம் மண்ணில் படவில்லை. இறக்கிவிடலாமா, தோளிலேயே வைத்திருக்கலாமா? உத்தரவு தங்களுடையது."

மன்னர் வாய்விட்டுச் சிரிக்கப் போனார். பிறகு அடக்கிக்கொண்டு மந்திரியிடம் மெல்லக் கேட்டார்: "இந்தப் பருவத்துக் குதிரைகள் இறங்கியாயிற்றா?"

"நேற்றே இறங்கிவிட்டன, அரசே."

அதற்குப் பிறகுதான் சிரித்தார். தூண்கள் அதிரச் சிரித்தார். "இறக்கு, இறக்கு! சாத்தையா, என்ன வேண்டும், கேள்!"

"இவர்களுக்குக் குடியிருக்கத் தெற்கே இருக்கும் கரட்டு நிலம், அரசே."

"அங்கே மிளகு விளையுமா?"

"புல்கூட விளையாது."

"அப்படியானால் எடுத்துக்கொள்ளச் சொல்!"

சபை கொண்டாடியது. சாத்தையன் யாரிடமும் சொல்லாமல் அந்தக் கரட்டுக்குப் போனான். பேச்சாயி குனிந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"அன்னிக்குச் சபையில உங்களுக்கு வேற வழி எதுவும் தோணலையா?"

சாத்தையன் சொன்னான்.

"தோணலம்மா. ராஜா சிரிக்கிற வழிதான் மொதல்ல வந்துச்சு. அதோட யோசிக்கறதை நிறுத்திட்டேன்."

அவள் மறுபடி குனிந்துகொண்டாள். சாத்தையன் மேலாடையைக் கழற்றி ஒரு பாறைமேல் போட்டான். அவளுக்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, பொழுது சாயும்வரை கல் பொறுக்கினான். போதும் என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை.